அம்மாக்கு இதய வால்வ் லீக், தொடையால விட்டு கிளிப் போடலாமெண்டினம். வயலை வித்து கொண்டுபோகலாமோ?

விசுவமடு மகன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. அம்மாக்கு இப்ப 67 வயசு. 2017இல மாரடைப்பு வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில வச்சிருந்து பிறகு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினவை, அதுக்குப் பிறகு குளுசையோட நல்லாத்தான் இருந்தவ, கோழி பாக்கிறது, தோட்டத்துக்குத் தண்ணி மாறுறது எல்லாம் தன்ர பாட்டில செய்துகொண்டு திரிஞ்சவ. போன மாரி முடியத்தான் இந்த இளைப்பு துவங்கினது. கிணத்தடிக்குப் போட்டு வாறதுக்கிடையில ரெண்டு தரம் நிண்டு மூச்சு வாங்குறா. ராவில படுக்க ஏலாது, மூண்டு தலகணி அடுக்கியும் சரிவரேல்லை, இப்ப அப்பான்ர சாய்மனைக் கதிரையில இருந்தபடிதான் நித்திரை. பின்னேரத்தில கால் ரெண்டும் வீங்கும், விரலால அமத்தினா குழி விழுந்து அப்பிடியே கன நேரம் நிக்குது.

எக்கோ எடுத்துப் பாத்திட்டு மைட்ரல் வால்வ் நல்லா லீக் எண்டு சொல்லிப்போட்டினம். நெஞ்சைத் திறந்து செய்யிற ஒப்பரேசன் இவவின்ர இதயம் இருக்கிற நிலைக்கு ரிஸ்க் கூட எண்டும் சொன்னவை. கனடாவில இருக்கிற சித்தப்பான்ர மகள் வட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பினவ, நெஞ்சைத் திறக்காம தொடை நரம்பால ஒரு குழாய் விட்டு வால்வில கிளிப் போடுறாங்கள், ரெண்டு மூண்டு நாளில வீட்ட போகலாமாம். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரையே இல்லை. சென்னைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற ஒரு ஏஜென்டோட கதைச்சன், அந்தாள் ரிப்போட்டைக்கூடக் கேக்கேல்லை, அட்வான்ஸ் போடுங்கோ கிழமைக்குள்ள செய்யலாம் எண்டுது. கிளிப்பின்ர விலை மட்டுமே பல இலட்சம் இந்தியக் காசு. கல்மடுக்குளத்துத் தண்ணி பாயிற 2 ஏக்கர் வயல் ஒண்டு இருக்கு, அதை வித்தா சமாளிக்கலாம். அம்மா விக்க விடமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். எனக்கு அவதான் முக்கியம், வயல் பிறகும் வாங்கலாம்.

தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. இந்தக் கிளிப் என்ன, அம்மாக்குச் சரிவருமோ?

---

வோட் நேர்ஸ் அக்கா:

தம்பி, முதல் அந்த ஏஜென்டுக்கு ஒரு சதமும் போடாதேங்கோ. எக்கோ ரிப்போட்டைப் பாக்காம கிளிப் போடலாம் எண்டு சொல்ல உலகத்தில ஒரு டொக்டராலயும் ஏலாது. நான் 18 வருசமா வோட்டில நிக்கிறன், வால்வ் லீக் ஆக்கள் கனபேரைப் பாத்திருக்கிறன்.

கிளினிக் கொப்பியை எடுத்து எக்கோவில என்ன எழுதியிருக்கு எண்டு பாத்து இதில எழுதுங்கோ. ஈஎஃப் எத்தனை வீதம் (ஒரு துடிப்பில இடப்பக்கக் கீழறை தனக்குள்ள இருக்கிற ரத்தத்தில எவ்வளவைத் தள்ளுது எண்ட கணக்கு), லீக்குக்குப் பக்கத்தில என்ன சொல் எழுதியிருக்கு, ஈசிஜி என்ன சொல்லுது. அதோட எந்தெந்தக் குளுசை, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம், அவ உண்மையிலயே போடுறாவோ எண்டதையும் பக்கத்தில இருந்து கேட்டு எழுதுங்கோ. கேக்கேக்க கோவமா கேக்காதேங்கோ, கோவமா கேட்டா எல்லா அம்மாமாரும் போட்டனான் எண்டுதான் சொல்லுவினம்.

இன்னுமொண்டு. ராவில திடீரெண்டு மூச்சு அடைச்சு, நுரை நுரையா சளி வந்தா, சளியில ரோஸ் நிறம் தெரிஞ்சா, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்கோ, காசில்லை அதுக்கு. வரும்வரைக்கும் காலைத் தொங்கப் போட்டு நிமித்தி இருத்தி வையுங்கோ, படுக்க வைக்க வேண்டாம்.

---

விசுவமடு மகன்:

அக்கா நன்றி. இப்பதான் கொப்பியை எடுத்தன், சொப்பிங் பைக்குள்ள ரிப்போட்டையும் குளுசைப் பெட்டியையும் சேத்துச் சுத்தி கும்புடுற தட்டுக்குப் பக்கத்தில வச்சிருக்கிறா.

ஈஎஃப் 35 வீதம். இடப்பக்கக் கீழறை பெருத்திருக்காம். லீக்குக்குப் பக்கத்தில ஃபங்ஷனல் சிவியர் எண்டு கிடக்கு. வால்வ் இதழ் ரெண்டும் நோர்மல் எண்டும் எழுதியிருக்கு, அதுதான் எனக்கு விளங்கேல்லை, இதழ் நல்லா இருந்தா ஏன் லீக்? ஈசிஜியில எல்பிபிபி. குளுசை அஸ்பிரின், கொலஸ்ரோல் குளுசை, பைசோபிரோலோல் 1.25, எனலாபிரில் 2.5, பிறகு தண்ணி போற குளுசை 40.

நீங்கள் சொன்னபடி பக்கத்தில இருந்து மெதுவாக் கேட்டன். கிளினிக் போற நாளில, கோயிலுக்குப் போற நாளில, செத்தவீட்டுக்குப் போற நாளில தண்ணி போற குளுசை போடுறேல்லையாம். பஸ்ஸில எங்க போய் இருக்கிறது எண்டு கேட்டா. எனக்கு ஒண்டும் சொல்ல வரேல்லை. இத்தனை நாளா கூட்டிக்கொண்டு போய் வாறன், ஒரு நாளாவது இதை யோசிச்சனா எண்டு நினைக்க அழுகை வந்திட்டுது.

---

வோட் நேர்ஸ் அக்கா:

அழாதேங்கோ தம்பி. கிளினிக்குக்கு வாற பொம்பிளையளில அரைவாசிப்பேர் இதைத்தான் செய்யினம், ஒருத்தரும் வாய் திறந்து சொல்லமாட்டினம். அந்தக் குளுசையை விடிய விடியத்தான் விழுங்கவேணும் எண்டு இல்லை. பயணம் போற நாளில வீட்ட வந்து மத்தியானம் போடலாமோ எண்டு டொக்டரிட்ட கேளுங்கோ, கனபேருக்கு ஓமெண்டுதான் சொல்லுவினம். போடாமலே விடுறதுதான் கூடாது.

உப்பையும் பாருங்கோ. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம். சோத்துக்கு உப்புப் போடுறேல்லை எண்டு சொல்லிக்கொண்டு கருவாட்டுத் தீயல் வச்சுச் சாப்பிட்டா அதுக்குள்ளயே எல்லாம் இருக்கு.

---

மெடிக்கல் படிக்கிற வவுனியான்:

அண்ணை, நான் இறுதி வருசம், டொக்டர் இல்லை. உங்கட கார்டியோலொஜிஸ்ட் சொல்லுறதுதான் முடிவு. ஆனா நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, இதழ் நல்லா இருந்தா ஏன் லீக் எண்டது. முழு விசயமும் அதுக்குள்ளதான் கிடக்கு.

மைட்ரல் வால்வ் ரெண்டு இதழ் உள்ள ஒரு கதவு மாதிரி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில. இதழின்ர நுனியில இருந்து நூல் மாதிரி தசைநாருகள் கீழறைச் சுவருக்குப் போகுது, கீழறை சுருங்கேக்க கதவு மறுபக்கம் திரும்பாம அதுகள்தான் பிடிச்சு வச்சிருக்கும். கதவே பழுதாப் போறது ஒரு வகை, இதழ் தொய்ஞ்சுபோறது, நூல் அறுகிறது. அம்மாட கதவில பழுதில்லை, ஃபங்ஷனல் எண்டு எழுதியிருக்கிறது அதைத்தான். மாரடைப்பில தசை செத்து கீழறை விரிஞ்சுபோச்சு, கதவைப் பிடிச்சிருக்கிற நிலை அகண்டு போச்சு, நூலுகள் இதழைக் கீழ இழுத்துப் பிடிக்குது, ரெண்டு இதழும் நடுவில முட்டுதில்லை. முட்டாத இடைவெளியால ரத்தம் பின்னால நுரையீரல் பக்கம் போகுது, அதுதான் படுக்க ஏலாம வாற இளைப்பு. அப்ப இஞ்ச முதல் வைத்தியம் கதவுக்கில்லை, நிலைக்கு.

குளுசையால நிலை சுருங்குமோ எண்டு கேப்பீங்கள். கனபேருக்குச் சுருங்கும். பைசோபிரோலோல் 1.25, எனலாபிரில் 2.5 எண்டது துவங்கிற டோஸ். பிரஷரும் நாடித்துடிப்பும் விட்டுக்கொடுத்தா கிழமைக் கணக்கில படிப்படியா ஏத்தவேணும். பைசோபிரோலோல் 10 வரைக்கும் போகலாம், எனலாபிரில் ரெண்டு நேரம் பத்தோ இருபதோ வரைக்கும் போகலாம். அதோட ஸ்பைரோனோலக்டோன் இருக்கு, சீனி வருத்தத்துக்கு எண்டு வந்து இப்ப சீனி இல்லாத ஆக்களின்ர இதயத்துக்கும் குடுக்கிற டபாகிளிஃப்ளோசின் இருக்கு. இதெல்லாம் அம்மான்ர லிஸ்டில இல்லை. ஏன் இல்லை எண்டு கேளுங்கோ, கிட்னி, பொட்டாசியம், பிரஷர் எண்டு ஏதும் காரணம் இருக்கலாம், இல்லாட்டி ஒவ்வொருமுறையும் வேற வேற ஆக்கள் பாக்கேக்க அப்பிடியே தொடர்ந்திருக்கலாம். எல்பிபிபி எண்டா இதயத்தின்ர ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில சுருங்குதில்லை. அந்த ஈசிஜி அகலமா இருந்தா ரெண்டு பக்கத்தையும் சேத்து அடிக்கவைக்கிற ஒரு விதப் பேஸ்மேக்கர் வைக்கலாம், அதால லீக்கும் குறையிறது உண்டு. அதையும் மறக்காமக் கேளுங்கோ.

இனிக் கிளிப். இத்தாலியில அல்ஃபியேரி எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் 1991இல ஒரு வேலை செய்தவர், லீக் ஆகிற வால்வின்ர ரெண்டு இதழையும் நடுவில சேத்து ஒரு தையல். ஒரு பெரிய வாசல் ரெண்டு சின்ன வாசலாப் போகும், லீக் குறையும். அதையே தையலுக்குப் பதிலா கிளிப்பால செய்யிறதுதான் மைட்ராக்ளிப். 2003இல வெனிசுவேலாவில முதல் ஆளுக்குப் போட்டவை, 2008இல ஐரோப்பாவிலயும் 2013இல அமெரிக்காவிலயும் அனுமதி கிடைச்சது. தொடையடி நாளத்தால, நரம்பு எண்டு நாங்கள் சொல்லுறது உண்மையில நாளம், கிட்டத்தட்ட 8 மில்லிமீற்றர் மொத்தமான குழாயை விட்டு இதயத்தின்ர வலப்பக்க மேலறைக்குப் போய், நடுச்சுவரில ஒரு ஓட்டை போட்டு இடப்பக்கம் போவினம். இதயம் துடிச்சுக்கொண்டே இருக்கும். ஆளை மயக்கி, வாயால தொண்டைக்குள்ள விட்ட எக்கோவில பாத்துப் பாத்து ரெண்டு இதழையும் கவ்விப் பிடிப்பினம். லீக் குறையேல்லை எண்டா கவ்வினதை விட்டிட்டு திரும்பவும் பிடிக்கலாம், திருப்தி எண்டாத்தான் கழட்டி விடுறது.

அம்மா மாதிரி விரிஞ்ச இதயத்தில வாற லீக்குக்கு இது உதவுமோ எண்டு ரெண்டு பெரிய ஆராய்ச்சி நடந்து 2018இல ரெண்டும் முடிவு சொன்னது. அமெரிக்கா கனடாவில 614 பேர், கோவாப்ட் எண்டு பேர். ரெண்டு வருசத்தில கிளிப் போட்ட ஆக்களில 29.1 வீதம் பேர் செத்திருந்தவை, மருந்து மட்டும் எடுத்த ஆக்களில 46.1 வீதம். பெரிய வித்தியாசம். ஆனா பிரான்ஸில 304 பேருக்குச் செய்த மைட்ரா எஃப்ஆர் எண்டதில ஒரு வருசத்தில ஒரு வித்தியாசமும் வரேல்லை. ஒரே கிளிப்தான். அமெரிக்க ஆராய்ச்சியில மருந்தை ஏத்தக்கூடிய அளவுக்கு ஏத்தி, அதுக்குப் பிறகும் லீக் குறையாத ஆக்களை மட்டும்தான் எடுத்தவை. பிரான்ஸில எடுத்த ஆக்களுக்கு இதயம் கூட விரிஞ்சு, லீக் அந்தளவுக்குக் கூட இல்லை. இதுதான் வித்தியாசத்துக்குக் காரணமெண்டு கனபேர் சொல்லினம். 2019இல அமெரிக்காவில இந்த வகை லீக்குக்கு அனுமதி குடுக்கேக்கயும் மருந்து முழுசாக் குடுத்துப் பாத்த பிறகு எண்டுதான் குடுத்தது.

அண்ணை, அம்மாக்கு இன்னும் மருந்தே முழுசா ஏறேல்லை. வயலை வித்துப் போனாலும் நல்ல இடமெண்டா முதல் இதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்புவினம்.

---

ஜேர்மனி வன்னியான்:

வணக்கம் தம்பி, நான் ஒட்டுசுட்டான், இப்ப 24 வருசமா இஞ்ச. என்ர மாமிக்கு 2021இல கிளிப் போட்டது, அப்ப 79 வயசு. அவவுக்கு மாரடைப்பு எண்டு ஒண்டும் இல்லை, ஒரு நாள் திடீரெண்டு நூல் அறுந்து ஒரு இதழ் தொங்கிப்போச்சு. ஒப்பரேசன்தான் நல்லது ஆனா வயசும் கிட்னியும் இடம் குடுக்காது எண்டு சொன்னவை. சத்திரசிகிச்சை டொக்டர், இதய டொக்டர், எக்கோ பாக்கிற டொக்டர், மயக்க டொக்டர் எல்லாரும் ஒரு மேசையில இருந்து கதைச்சுத்தான் முடிவெடுத்தவை. அதுக்கே மூண்டு கிழமை. வாயால விட்டுப் பாக்கிற எக்கோ முதலே ஒருக்கா செய்தது, கவ்வ இதழ் காணுமோ, கல்சியம் படிஞ்சிருக்கோ எண்டு பாக்க.

ரெண்டு கிளிப் போட்டது. போற நேரம் மாமி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நெற்றியில திருநீறு பூச விடுவினமோ எண்டு கேட்டவ, நேர்ஸ் பிள்ளை விளங்கிக்கொண்டு தானே கொஞ்சம் தள்ளி நிண்டது. ரெண்டரை மணித்தியாலம். தொடையில பெரிய கண்டல், உள்ளங்கையளவு, நீலமாகி மஞ்சளாகிப் போக ரெண்டு கிழமை எடுத்தது. நாலாம் நாள் வீட்ட வந்திட்டா. லீக் முழுசா நிக்கேல்லை, கொஞ்சம் இருக்கு. ஆனா படியேறி மேல்மாடிக்கு வந்தா தம்பி, ஒரு வருசத்துக்குப் பிறகு. அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கட்டினது, நாங்கள் காசு தேடேல்லை. அதால வயலை வில்லுங்கோ எண்டோ விக்காதேங்கோ எண்டோ சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா மாமிக்கு வந்த வருத்தமும் உங்கட அம்மாக்கு வந்ததும் வேற வேற, அந்த மெடிக்கல் தம்பி சொன்னதை நல்லா வாசியுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயாக்கு எல்லா ரெஸ்டும் எடுத்திட்டு கடைசியில இதழ் கல்லாப்போச்சு, கவ்வாது எண்டு விட்டிட்டினம். போடப்போனாலும் போடுவினம் எண்டு முதலே நினைக்க ஏலாது.

---

முள்ளியவளை அக்கா:

நான் இதுக்குள்ள வேற கதை, ஆனா வாசிக்கிற ஆருக்காவது உதவும் எண்டு எழுதுறன். எனக்கு வால்வ் பழுதானது சின்ன வயசில வந்த தொண்டை நோவால. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம், காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்து வந்து போச்சு, பிள்ளை வளருது அதுதான் நோகுது எண்டு விட்டிட்டினம். அது ருமாற்றிக் காய்ச்சல் எண்டு எனக்கு 29 வயசிலதான் தெரிஞ்சது, வயித்தில பிள்ளை இருக்கேக்க மூச்சடைச்சு. வால்வ் இதழ் தடிச்சு ஒட்டிப்போய் வாசல் ஒடுங்கிப்போச்சு. கொழும்பில பலூன் விட்டு விரிச்சவை, அதுவும் தொடையாலதான், நெஞ்சைத் திறக்கேல்லை. எட்டு வருசம் ஓடினது. பிறகு லீக்கும் சேந்துட்டுது.

கிளிப்பைப் பற்றி நானும் டொக்டரிட்ட கேட்டனான். உங்கட வாசல் ஏற்கனவே ஒடுக்கம் பிள்ளை, கிளிப் போட்டா இன்னும் ஒடுங்கும் எண்டு கடதாசியில கீறிக் காட்டினவர். கடைசியா நெஞ்சைத் திறந்து இரும்பு வால்வ் வச்சது. பயந்து பயந்து போனனான், இப்ப கச்சான் பிடுங்கவும் போறன். ராவில எல்லாரும் நித்திரையான பிறகு டிக் டிக் எண்டு கேக்கும், என்ர சின்னவன் காதை வச்சுக் கேட்டபடிதான் நித்திரை கொள்ளுவான்.

வால்வில ரத்தம் உறையாம இருக்கப் போடுற வாபரின் குளுசை ஒரு நாளும் விடேலாது, மாசத்துக்கு ஒருக்கா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையிற அளவு, பாக்கவேணும். பல்லுப் பிடுங்கப் போனா வால்வ் வச்ச ஆள் எண்டு முதலே சொல்லவேணும். பிள்ளை பெறுற வயசில உள்ள பொம்பிளையள் கர்ப்பம் எண்டு நினைக்க முதலே கிளினிக்கில கதைக்கவேணும், அந்தக் குளுசை கருவுக்குக் கூடாது. பிள்ளையளுக்குத் தொண்டை நோவோட மூட்டு வீங்கினா தயவுசெய்து காட்டுங்கோ. எனக்கு அண்டைக்கு ஆராவது காட்டியிருந்தா மாசத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசியோட முடிஞ்சிருக்கும்.

---

பூநகரியான்:

வலப்பக்க வால்வ் லீக்குக்கும் இந்தக் கிளிப் இருக்கோ? அப்பாக்கு ட்ரைகஸ்பிட் எண்டு எழுதியிருக்கு.

---

மெடிக்கல் படிக்கிற வவுனியான்:

இருக்கு அண்ணை. அதுக்கெண்டு வேற கிளிப், ட்ரைக்ளிப், 2024 ஏப்ரலில அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. அதே வருசம் பெப்ரவரியில தொடையால விட்டு முழு வால்வையே வைக்கிற இவோக் எண்டதுக்கும் கிடைச்சது. ஆனா கனபேருக்கு வலப்பக்க லீக் இடப்பக்கப் பழுதாலயோ நுரையீரல் பிரஷராலயோதான் வாறது, அப்பாக்கு எதால எண்டு முதல் கேளுங்கோ.

---

நெடுங்கேணி ஆசிரியர்:

தம்பி, எப்பவாவது ஒப்பரேசனோ வேற வைத்தியமோ தேவை எண்டு டொக்டர் எழுதித் தந்தா, வயலுக்குப் போக முதல் பிரதேச செயலகத்துக்குப் போங்கோ. ஜனாதிபதி நிதியத்தால வைத்தியத்துக்கு உதவி குடுக்கினம், விண்ணப்பம் அங்கயே வாங்கலாம். வைத்தியம் செய்ய முதலே விண்ணப்பிக்கிறது நல்லது. உங்கட அம்மா அந்த வயலுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பா எண்டு உங்களுக்குத் தெரியும், அவவின்ர சொல்லையும் கொஞ்சம் கேளுங்கோ.

---

விசுவமடு மகன்:

நாலு மாசத்துக்குப் பிறகு வாறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இடையில அறுவடை.

நீங்கள் சொன்னதெல்லாத்தையும் ஒரு கடதாசியில எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போனன். டொக்டர் கடதாசியை வாங்கி முழுசா வாசிச்சவர், கோவிக்கேல்லை. அம்மா பஸ்ஸுக்காகக் குளுசை விடுற கதையைச் சொல்ல, அவர் அம்மாவைப் பாத்து இதை நான்தானம்மா முதல் கேட்டிருக்கவேணும் எண்டவர். ரத்தம் எடுத்து கிட்னியும் பொட்டாசியமும் பாத்து, ஸ்பைரோனோலக்டோனும் டபாகிளிஃப்ளோசினும் துவங்கினவர். மற்ற ரெண்டையும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இப்ப பைசோபிரோலோல் 5, எனலாபிரில் ரெண்டு நேரம் பத்து. ஒருக்கா தலைச்சுத்து வந்து ஒரு படி குறைச்சு, பிறகு திரும்ப ஏத்தினது. ஈசிஜி பேஸ்மேக்கர் வைக்கிற அளவுக்கு அகலம் இல்லையாம். கிளிப்பை மறக்கேல்லை, மருந்து முழுசா ஏறின பிறகும் லீக் அப்பிடியே நிண்டா வாயால விட்டு எக்கோ பாத்து அனுப்புவம் எண்டவர்.

சங்கக் கடையில ஒரு தராசு வாங்கினன். விடிய எழும்பி ஒண்டுக்குப் போட்டு வந்து ஏறி நிப்பா, நான் கலண்டரில எழுதுவன். துவங்கேக்க 61.5 கிலோ, எல்லாம் தண்ணி. இப்ப 57. ரெண்டு நாளில ரெண்டு கிலோ ஏறினா கிளினிக்குக்குப் போன் அடிக்கச் சொல்லியிருக்கினம். கருவாட்டுப் பானையை அவவே தூக்கி அக்கா வீட்ட குடுத்திட்டா.

சாய்மனைக் கதிரை இப்ப திரும்ப விறாந்தையில. கட்டிலில ரெண்டு தலகணியோட படுக்கிறா. அறுவடை அண்டைக்கு வரம்பு வரைக்கும் நடந்து வந்து குடையோட நிண்டு மெசின்காரனுக்கு மூலையில விடுபட்டதைக் காட்டினவ. இளைப்பு முழுசாப் போகேல்லை, வேகமா நடந்தா இன்னும் நிக்கவேணும்.

அடுத்த எக்கோ நாளைக்கு. விடிய 5 மணி பஸ், பரந்தனில இறங்கி யாழ்ப்பாண பஸ் எடுக்கவேணும். தண்ணி போற குளுசையை ஒரு பேப்பர்த் துண்டில மடிச்சு என்ர சேட் பொக்கட்டுக்குள்ள வச்சிருக்கிறா, கிளினிக் முடிய நானே எடுத்துக் குடுக்கவேணுமாம். லீக் எவ்வளவு எண்டு பாத்திட்டு வந்து எழுதுறன்.